மனக்காட்சியும் புலக்காட்சியும்

“அந்தக் காட்சியை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள்” என்று பிரசங்கிமாரும் ஆசிரியரும் கூறுவது வழக்கம். கேட்போர் யாவரும் அவ்வாறு காண வல்லவர் என்பது நாம் ஆராயாமலே ஏற்றுக்கொண்ட துணிபு. மனத்தில் எழும் உருவத்திற்கும் கண்ணால் காண்பதற்கும் உள்ள உறவு யாது என்று முதலில் வினவுதல் வேண்டும்.

இரண்டும் வலிமையில் மட்டுமே வேறுபடுவன என்பது 18ஆம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமின் கருத்து. 1910இல் அமெரிக்காவில் பெர்க்கி அம்மையார் வெளியிட்ட சோதனை இதற்கு ஆதரவாகத் தோன்றிற்று. ஒரு திரையை நோக்கியவாறு வாழைப்பழத்தைக் கற்பனை செய்யுமாறு சிலரிடம் கூறிவிட்டு, அவர்கள் அறியாமல் மங்கலான பழ உருவம் அத்திரையில் விழச் செய்யப்பட்டது. அவர்களோ அதைத் தம் கற்பனை என்றே கொண்டனர். கிடையாக எண்ணிய பழம் நிமிர்ந்து நிற்பதேன் என்று வியந்தாரும் உண்டு!

இதனினும் ஆழ்ந்த சான்று இத்தாலியில் கிடைத்தது. மூளையின் வலப்பாகம் பழுதுற்றமையால் தம் இடப்புறத்தைக் கவனியாதிருந்த நோயாளிகள் இருவரைப் பற்றிப் பிசியாக், லுட்சாட்டி என்போர் 1978இல் எழுதினர். மிலான் நகரப் பேராலயச் சதுக்கம் அவ்விருவருக்கும் நன்கு பழகிய இடம். பேராலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணச் சொன்னபோது அவர்கள் பெரும்பாலும் வலப்புறக் கட்டடங்களையே விவரித்தனர். பேராலய வாயிலில் நின்று சதுக்கத்தை நோக்குவதாக எண்ணச் சொன்னபோதோ, முன்பு விடுபட்டவற்றைக் கூறி, முன்பு கூறியவற்றை விட்டுவிட்டனர். ஆகவே நினைவு அழியவில்லை. மனத்துள் நோக்கும் செயலே, கண்ணால் நோக்கும் செயலைப் போன்று, ஒரு பாதியை இழந்திருந்தது.

எனினும் இரண்டும் ஒன்றே எனல் பொருந்தாது. பொருள்களைக் கண்டு இன்னதென்று அறிய இயலாத ஒருவர், அவற்றை நினைவிலிருந்து செவ்வனே வரைந்தார் எனக் கனடா நாட்டு ஆய்வாளர் 1994இல் அறிவித்தனர். தாம் வரைந்த படத்தையே பின்னர் அவரால் அடையாளம் காண இயலவில்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கண்பார்வை செம்மையாயிருந்தும் மனக்காட்சி எழாதோர் 21 பேரை ஆடம் சீமன் என்னும் மருத்துவரும் அவர்தம் உடனாய்வாளரும் 2015இல் விவரித்து, அந்நிலைக்கு ‘அஃபான்டேசியா’ என்று பெயரிட்டனர். தோற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் இது. அவர்களுட் பலர் உருவம் எதையும் காணாமலே தம் வீட்டு ஜன்னல்களின் எண்ணிக்கையைக் கூறினர். காட்சியின்றியும் அறிவு இயங்குகிறதன்றோ!

மறைந்த தாயின் முகத்தை மனத்தில் காண இயலாதவரை அன்பு குன்றியவர் என்றும், தியானத்தில் காட்சி எழாதவரைப் பக்தியில் குறைந்தவர் என்றும் எண்ணுவது அநீதி. “அங்கே யார் இருந்தனர்? என்ன பேசினர்?” என்று வினவுவோமாயின் அவர்களும் தயங்காது விடை கூறுவர்.