பழைய வட்டும் புதிய பெட்டியும்

சென்ற ஞாயிறன்று கட்டுகஸ்தோட்டையில் உள்ள நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கூடத்திலே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒரே அமளி.

கட்டாரில் தொழில் புரியும் மூத்த மகன் விடுமுறையில் வந்தபோது புதிய விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொணர்ந்திருந்தான். எந்த நிறுவனத்தின் பெட்டி என்பது இங்கே வேண்டியதில்லை. அவனும் தங்கையும் மழை நாட்களில் ஆடிய கிரிக்கெட் வட்டுகளைத் தாயார் பிஸ்கட் தகரமொன்றில் இட்டு 12 ஆண்டுகளாகக் காத்து வந்தார். அண்ணனை வெல்வேன் என்று சூளுரைத்திருந்த கடைசிப் பையன் ஆவலுடன் வட்டைச் செருகினான். பெட்டி அதனை ஏற்க மறுத்துவிட்டது!

"மாமா, அளவும் ஒன்று, வடிவமும் ஒன்று. பிறகு ஏன் வாசிக்காது?" என்று என்னைக் கேட்டான்.

வட்டு ஒன்றுபோலத் தோன்றினும், அதிலுள்ள கட்டளைகள் பழைய பெட்டியின் மூளைக்கென்றே எழுதப்பட்டவை. தமிழறியாத தபாற்காரரிடம் தமிழ் விலாசமிட்ட கடிதத்தைக் கொடுத்தாற்போலத்தான். ஆயினும் இது தீராத சங்கடமன்று. சோனி நிறுவனம் 2006இல் வெளியிட்ட மூன்றாம் பிளேஸ்டேஷனின் முதற் பெட்டிகளுக்குள் இரண்டாம் பிளேஸ்டேஷனின் சில்லுகளையே பொருத்தியிருந்தது. பழைய வட்டுகள் ஓடின. மறு ஆண்டிலேயே விலை குறைந்த பெட்டி வந்தது. அந்த வசதி மறைந்தது. 2020இல் வந்த ஐந்தாம் பிளேஸ்டேஷன் தனக்கு முந்திய நான்காவதன் வட்டுகளிற் பெரும்பாலானவற்றை ஏற்கும். அதற்கும் மூத்தவற்றை ஏற்காது. மைக்ரோசொப்ட் நிறுவனமோ 2013இல் கைவிட்ட வசதியை, 2015இல் மென்பொருள் வாயிலாகச் சிறிது சிறிதாக மீட்டது. ஆகவே முடியாமை வேறு, மனமின்மை வேறு. நம் பாட்டன்மார் காலத்தில் நீளிசைத் தட்டு வந்தபோது, புதிய கருவிகள் பலவற்றிலே பழைய 78 சுற்றுத் தட்டுக்கும் ஒரு விசை இருந்ததன்றோ?

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை என 2023இல் ஓர் ஆய்வு கூறியது. தகரத்து வட்டுகள் குப்பையல்ல என்பது அந்தத் தாய்க்கு ஆய்வின்றியே தெரிந்திருந்தது.

அலுமாரியின் மேலிருந்த பழைய பெட்டியை இறக்கினோம். அதன் கம்பிக்கோ சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என மூன்று முனைகள். புதிய தொலைக்காட்சியில் அவற்றுக்குத் துளையே இல்லை! இடையிற் பொருத்தும் சிறு கருவி ஒன்று கண்டி நகரில் கிடைக்கும் என்றார் நண்பர்.

அண்ணன் வியாழனன்று விமானம் ஏற வேண்டும். மறுநாட் காலை முதல் பேருந்திலேயே தம்பி நகருக்குப் புறப்பட்டுவிட்டானாம்.