செயற்கைக் காலோடு காட்டில் இறங்கலாமா?

ரோட்டவேட்டரில் சிக்கியோ சர்க்கரை நோய்ப் புண்ணாலோ காலை இழந்த விவசாயிக்கு, திரும்பக் காட்டில் இறங்க முடியுமா என்பதே முதல் கவலை. கோவை வட்டாரத்தின் உழுத காடும் ஈர வரப்பும் தார்ச்சாலை அல்லவே!

நடக்கையில் வீசும் காலின் விரல்நுனி தரைக்கு மேல் ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில்தான் செல்கிறது. நல்ல காலிலேயே மண்கட்டி தட்டுவது இதனால்தான். ஒரே அச்சில் மடங்கும் செயற்கை முழங்காலில் இடறல் இன்னும் அதிகம். சென்னை ஐ.ஐ.டி. 2022-இல் வெளியிட்ட 'கதம்' முழங்கால் பல அச்சுகளில் மடங்குவது. வீசும்போது கால் சற்றுக் குறுகி நுனி உயரும். 160 பாகை வரை மடங்குவதால் பஸ்ஸின் நெருக்கமான இருக்கையிலும் உட்காரலாம்.

முழங்காலுக்குக் கீழே இழந்தவருக்குப் பாதமே முக்கியம். 1960-களின் பிற்பகுதியில் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் ரப்பர் பாதத்துக்குச் செருப்பு தேவையில்லை. சேற்றில் இறங்கலாம், வளைந்து கொடுப்பதால் குந்தி உட்கார்ந்து களையும் எடுக்கலாம். அன்றைய மேல்நாட்டுப் பாதம் பூட்ஸ் போட்டு நாற்காலியில் உட்காருவோருக்கானது, குந்த விடாது.

கால் பொருத்தியதும் மண்வெட்டியைத் தூக்க அவசரம் வேண்டாம். முதலில் சமதரை, பிறகு வரப்பு. தினமும் மாலையில் கழற்றி, எஞ்சிய காலில் சிவப்போ கொப்புளமோ உள்ளதா எனப் பார்க்கவேண்டும். சர்க்கரை நோயாளிக்கு வலி தெரியாமலே புண்ணாகிவிடும். சிவப்பு மறையாவிட்டால், காலைப் பூட்டாமல் பொருத்திய மையத்துக்கே செல்லவும். புதிதாகக் கால் வேண்டுவோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.