கூரையிலிருந்து வீதிக்கு வரும் மின்சாரம்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டு மாடியில் சென்ற ஆண்டு சூரியத் தகடுகள் பொருத்தினார்கள். சித்திரை வெயிலுக்கு மின்சாரம் கொட்டும் என்று வீட்டார் மகிழ்ந்திருந்தார்கள். ஆனால் நண்பகல் ஆனால் போதும், இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். சற்று நேரம் கழித்து மீண்டும் ஓடும். பொருத்தியவர் வந்து பார்த்துவிட்டு, "கருவியில் கோளாறு இல்லை, லைனில் வோல்டேஜ் அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் மிகுந்த வேளையில் வெயிலுக்கென்றே வாங்கிய கருவி ஏன் ஓய்வெடுக்க வேண்டும்? இக்கேள்வியை அறிவியல் ஆசிரியையிடம் கொண்டு சென்றோம். அன்று தொடங்கி நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

துணை மின்நிலையத்திலிருந்து 11,000 வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரத்தைத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் குறைத்து, வீடுகளுக்கு 230 வோல்ட்டாகத் தருகிறது. கம்பி நீள நீள அழுத்தம் குறையும். மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கெரியும்போது கடைசி வீட்டு டியூப்லைட் மட்டும் கண்சிமிட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்தக் கடைசி வீட்டை எண்ணியே டிரான்ஸ்பார்மரில் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டி வைப்பது வழக்கம். மின்சாரம் ஒரே திசையில் ஓடிய காலத்தில் இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

இப்போது கூரையும் மின்சாரம் தருகிறது. வீட்டிலிருந்து லைனுக்கு மின்சாரம் போகவேண்டுமானால், வீட்டு அழுத்தம் லைனின் அழுத்தத்தைவிடச் சிறிதாவது உயர்ந்திருக்க வேண்டும். நண்பகலில் பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருப்பார்கள். வீடுகளில் செலவு குறைவு. பல கூரைகள் ஒரே நேரத்தில் தள்ள, மின்சாரம் டிரான்ஸ்பார்மரை நோக்கிப் பின்னோக்கி ஓடுகிறது. அப்போது அழுத்தம் மிக உயர்வது அதே கடைசி வீட்டில்தான்! குறித்த எல்லையைத் தாண்டியதும், மற்ற சாதனங்கள் கெடாமலிருக்க இன்வெர்ட்டர் விலகிக்கொள்கிறது. மாலையில் மங்கல் விளக்கு, பகலில் விற்க முடியாத மின்சாரம். கடைசி வீட்டுக்காரர் இருமுறை நஷ்டப்படுகிறார். இது நியாயமாக எங்களுக்குத் தோன்றவில்லை.

மற்றொரு சந்தேகமும் எழுந்தது. பகலில் மின்வெட்டு வந்தால், தகடு இருந்தும் தோழி வீட்டு விசிறி சுற்றுவதில்லை. முதலில் இதைக் குறை என்றே நினைத்தோம். லைனை அணைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். எங்கோ ஒரு கூரை அந்தக் கம்பிக்கு உயிரூட்டினால் அவர் கதி என்ன? அதனால்தான் லைனில் மின்சாரம் இல்லை என்று கண்டதும் இன்வெர்ட்டர் உடனே நின்றுவிட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். பேட்டரியும் தனியே பிரிக்கும் சுவிட்சும் உள்ள வீடுகள் மட்டுமே தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்ளலாம். மின்வாரியப் பணியாளர்களின் பெண்கள் எங்களுடன் படிக்கிறார்கள். விசிறி சுற்றாத அந்த ஒரு மணி நேரத்தை இனி நாங்கள் குறை சொல்லமாட்டோம்.

நல்லெண்ணத்தில் செய்த விதியும் சில சமயம் வம்பாக முடியும். ஜெர்மனியில் அப்படி நடந்தது. அங்கும் இங்கும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. உற்பத்தி மிகுந்தால் அந்த எண் சற்று ஏறும். 50.2ஐத் தொட்டதும் கூரை இன்வெர்ட்டர்கள் விலகவேண்டும் என்று அந்நாட்டில் விதி செய்திருந்தார்கள். தகடுகள் சொற்பமாக இருந்தவரை தொல்லை இல்லை. அவை லட்சக்கணக்கில் பெருகியபோது, எல்லாம் ஒரே நொடியில் விலகினால் தேசமே இருளில் மூழ்கக்கூடும் என்பதை உணர்ந்தார்கள். 2012இல் புதிய சட்டம் கொண்டுவந்து, சுமார் 3,15,000 நிலையங்களைத் திருத்த ஏற்பாடு செய்தார்கள். கூட்டம் மிகுந்த மண்டபத்தில் எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடாமல், வரிசை வரிசையாக வெளியேறுவது போன்ற ஏற்பாடு அது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் மூன்றில் ஒரு வீட்டுக்குமேல் தகடு உண்டு. 2021 மார்ச் 14, மிதமான ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்டை மாநிலத்துடன் இணைக்கும் லைனில் பராமரிப்பு வேலை நடந்ததால் உபரி மின்சாரம் போக வழி குறைந்தது. அதிகாரிகள் ஏராளமான வீட்டுத் தகடுகளைத் தொலைவிலிருந்தே சற்று நேரம் நிறுத்தினார்கள். சொந்தக் கூரை, சொந்தச் செலவு. நிறுத்துவது வேறொருவரா என்று மக்கள் கேட்டால் அதில் தவறில்லை. பின்னர் அங்கே வேறொரு வழி கண்டார்கள். புதிதாக இணைபவர் ஒன்றரை கிலோவாட் என்ற நிலையான அளவுக்கு இசையலாம். அல்லது லைனில் இடம் இருக்கும்போது 10 கிலோவாட் வரை அனுப்பி, நெரிசலில் தானே குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வைக்கலாம். பகல் மின்சாரத்தின் விலையையும் குறைத்தார்கள். நம் நாட்டிலும் 2023இல் மத்திய அரசு திருத்திய விதிகள், சூரிய நேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்ந்திருக்க வழி செய்தன. கிணற்று மோட்டாரையும் கிரைண்டரையும் நண்பகலுக்கு மாற்றுவது பேட்டரி வாங்குவதைவிட மலிவு. இதைக் கேட்டதும் எங்களில் ஒருத்தியின் பாட்டி, "மாவு புளிக்கிற நேரம் எனக்குத் தெரியாதா?" என்றார்கள்!

தோழி வீட்டுக் கதையை முடிக்கவில்லையே. அவள் அப்பா மனு எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து ஊழியர்கள் வந்து அளந்து பார்த்தார்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று ஃபேஸ் கம்பிகள் வருகின்றன; ஆனால் அந்த வரிசையில் தகடு வைத்த வீடுகள் அனைத்தும் ஒரே ஃபேஸில் இருந்தன. இரண்டு வீடுகளை மற்ற ஃபேஸ்களுக்கு மாற்றினார்கள். அரை நாள் வேலைதான். இப்போது நண்பகலிலும் இன்வெர்ட்டர் ஓடுகிறது. அடுத்த தெருவில் புதிதாக நான்கு வீடுகளில் தகடு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஃபேஸ் என்று கேட்டுவைக்கும்படி அவளை அனுப்பியிருக்கிறோம்.