வீணாகும் புகையும் வேலை செய்யும்

புனே நகரின் வடமேற்கே, பம்பாய் செல்லும் பழைய சாலை முளா நதியைக் கடக்குமிடத்தில் அமைந்திருக்கிறது போபோடி. பாலத்துக்கு அப்பால் தாபோடி; அங்கே மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பட்டறை. இப்பால் கட்கி, 1946-ல் நிறுவப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் தொழிலகத்தால் பெயர் பெற்ற ஊர். இரும்பும் எண்ணெயும் மணக்கும் இந்தச் சுற்றுப்புறத்தில் வாழும் தமிழ் இளைஞர்களுக்கு மோட்டார் யந்திரத்தின்மீது மோகம் பிறப்பதில் வியப்பில்லை.

அப்படிப்பட்ட ஓர் இளைஞர் நம்மிடம் இவ்வாறு கேட்பதாக வைத்துக்கொள்வோம்: “பழைய இரும்புக் கடையில் டர்போசார்ஜர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வெல்டிங் எனக்குத் தெரியும். என் பழைய காரில் அதை நானே பொருத்திவிட்டால் எஞ்சினின் பலம் கூடுமா?”

கூடும் என்பதே விடை. ஆனால் முறை அறியாது பொருத்தினால், பல ஆண்டுச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய காரின் எஞ்சின் ஒரே மாலைப் பொழுதில் பாழாகிவிடும் என்பதும் விடையே. இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாகின்றன என்பதை இங்கே ஆராய்வோம்.

எஞ்சினும் நம்மைப்போல் மூச்சுவிடும் ஒன்றுதான். பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவைப்படுகிறது. 1983-ல் வெளிவந்து 2014-ல் உற்பத்தி நின்ற மாருதி 800 காரை உதாரணமாகக் கொள்வோம். அதன் மூன்று சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 796 கன சென்டிமீட்டர். நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புமானால், அது உள்ளிழுக்கும் காற்று சுமார் 1,200 லிட்டர். புனேயின் காற்றில் அதன் எடை சுமார் 1,300 கிராம். அதைக்கொண்டு எரிக்கக்கூடிய பெட்ரோல் ஏறக்குறைய 90 கிராம்தான். இதற்குமேல் பெட்ரோலை எவ்வளவு ஊற்றினாலும் கரும்புகை வருமேயன்றிப் பலம் வராது. ஆகவே, பலம் கூடவேண்டுமானால் காற்றின் எடை கூடவேண்டும். யந்திர நூலின் முதற்பாடம் இது.

சரி, அதிகக் காற்றை உள்ளே தள்ளுவது யார்? தள்ளுவதற்கும் சக்தி வேண்டுமே! இங்கேதான் நாம் வீணென்று கருதும் புகை உதவிக்கு வருகிறது. பெட்ரோலில் அடங்கிய சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரங்களை ஓட்டும் வேலைக்குக் கிடைக்கிறது. இன்னொரு பங்கு ரேடியேட்டர் நீரைச் சூடாக்கிக் கழிகிறது. எஞ்சிய பங்கு சைலன்சர் வழியே சூடான புகையாக வெளியேறிவிடுகிறது. கல்யாண வீட்டில் ஒரு பந்திக்குச் சமைத்த சோற்றைக் கொல்லையில் கொட்டுவதற்கு ஒப்பான நஷ்டம் இது.

அந்தப் புகை வெளியேறும் வழியில் ஒரு சிறு இறக்கைச் சக்கரத்தை வைத்தால், காற்றாடியைக் காற்று சுழற்றுவதுபோல் புகை அதைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் மற்றோர் இறக்கைச் சக்கரம் இருக்குமாயின், அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும். டர்போசார்ஜர் என்பது இவ்வளவே. ஒரே அச்சில் இரண்டு சக்கரங்கள். ஒன்றைப் புகை சுழற்றுகிறது, மற்றொன்று காற்றை ஊட்டுகிறது. பார்வைக்கு நத்தை ஓடு இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டியதுபோல் இருக்கும்.

இதைக் கண்டவர் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரெட் பூக்கி என்னும் பொறியியல் வல்லுநர். 1905-ல் அவர் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆனால் நடைமுறையில் வெற்றி காண 1925 வரை, அதாவது 20 ஆண்டுகள், அவர் பாடுபட வேண்டியிருந்தது. அவர் முறைப்படி அமைந்த யந்திரங்கள் 1926-ல் ஜெர்மானியக் கப்பல்கள் இரண்டில் பொருத்தப்பட்டன. 1,750 குதிரைசக்தி அளித்துவந்த எஞ்சின் 2,500 குதிரைசக்தி அளிக்கத் தொடங்கியது.

இந்தச் சாதனத்தின் குரலை நம்மவர்களும் நெடுங்காலமாகக் கேட்டிருக்கிறார்கள். புனேயிலிருந்து ஷோலாப்பூர் வழியாகச் சென்னைக்குச் சென்ற ரெயில்களைப் பல ஆண்டுகள் டீசல் எஞ்சின்கள் இழுத்தன. 1962-ல் இந்தியாவுக்கு வந்த டபிள்யூ.டி.எம்.2 வகை எஞ்சினில் 16 சிலிண்டர்கள், 2,600 குதிரைசக்தி. அது புறப்படும்போது எழுந்த மெல்லிய, நீண்ட சீழ்க்கையொலி அதன் டர்போசார்ஜர் எழுப்பிய ஒலியே. ஊருக்குப் போகும் மகிழ்ச்சியில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் பலர் இருப்பர். தமிழகமும் இத்துறையில் பின்தங்கவில்லை. சென்னையில் 1982-ல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனம் இந்தச் சாதனங்களையே தயாரித்து வருகிறது.

உயரமான இடங்களில் இதன் அருமை இன்னும் நன்கு விளங்கும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 100 பங்கு என்றால், சுமார் 560 மீட்டர் உயரத்திலுள்ள புனேயில் அது ஏறத்தாழ 94 பங்கு; 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் ஏறத்தாழ 76 பங்கு. மலையேறும் கார் மூச்சு வாங்குவதன் காரணம் இதுவே. டர்போசார்ஜர் இந்தக் குறையை ஈடுசெய்கிறது.

இனி, வீட்டுப் பட்டறையில் இதைப் பொருத்த விரும்பும் அன்பர் கவனிக்கவேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, அளவு. லாரியின் டர்போசார்ஜரைச் சிறிய காரில் வைத்தால், அந்தப் பெரிய சக்கரத்தைச் சுழற்றப் புகை போதாது. பலம் கூடுவதற்குப் பதிலாக, போகும் புகைக்கு அது ஓர் அடைப்பாகவே நிற்கும். மிகச் சிறியதை வைத்தாலோ, அது தாங்கக்கூடிய வேகத்தைக் கடந்து சுழலும். சிறிய டர்போசார்ஜரின் அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் சுற்று வரை சுழலக்கூடியது. அந்த வேகத்தில் இறக்கை ஒன்று உடைந்தால் அது துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். மேலும், டீசல் காரிலிருந்து கழற்றியதைப் பெட்ரோல் காரில் பூட்டுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் புகை டீசல் புகையைக் காட்டிலும் சூடு மிக்கது. 900 டிகிரி சென்டிகிரேடைத் தொடக்கூடியது.

இரண்டாவது, உஷ்ணம். சைக்கிள் பம்பால் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறிவார்கள். அழுத்தப்பட்ட காற்று சூடேறும். 30 டிகிரியில் உள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால், சாதாரண டர்போசார்ஜரில் அது 85 டிகிரிக்குமேல் சூடாகிவிடும். சூடான காற்று விரிவடைவதால், அழுத்தம் 50 சதவிகிதம் கூடியும் காற்றின் எடை சுமார் 26 சதவிகிதமே கூடுகிறது. அதே காற்றை ரேடியேட்டர் போன்ற ஒரு குளிர்விப்பானில் செலுத்தி 50 டிகிரிக்கு இறக்கினால், எடை சுமார் 41 சதவிகிதம் கூடும். எனவே குளிர்விப்பானை ஆடம்பரமாகக் கருதலாகாது. பலத்தின் ஒரு பகுதி அங்கேதான் கிடைக்கிறது.

மூன்றாவது, பெட்ரோல். காற்று கூடினால் அதே விகிதத்தில் பெட்ரோலும் கூடவேண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய கார்களில் இது எளிதன்று. அழுத்தப்பட்ட காற்றைக் கார்புரேட்டருக்குள் செலுத்தினால், பெட்ரோல் நிற்கும் கிண்ணத்துக்கும் அதே அழுத்தம் கிடைக்கவேண்டும். பம்பும் அதை மீறிப் பெட்ரோலைத் தள்ளவேண்டும். இல்லையேல் மிகத் தேவையான வேளையில் பெட்ரோல் நின்றுவிடும். புதிய கார்களிலோ பெட்ரோலை அளந்து கொடுப்பது மின்னணுப் பெட்டி. கூடுதல் காற்றுக்கு ஏற்பக் கணக்கை மாற்றி எழுதாவிடில் அது பழைய கணக்குப்படியே நடக்கும். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை உக்கிரமாகச் சுடும். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுவதும் உண்டு.

நான்காவது, எல்லாவற்றிலும் பெரிய அபாயம். பெட்ரோல் கலவை, பிளக்கின் பொறி பட்ட இடத்திலிருந்து ஒழுங்காக எரிந்து பரவவேண்டும். அழுத்தமும் உஷ்ணமும் எல்லை கடந்தால், எஞ்சிய கலவை தானாகவே ஒரே கணத்தில் வெடிக்கிறது. தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற ஓசை கேட்கும். மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பார்கள். ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டன்மேல் விழும் சம்மட்டி அடி. டீசல் எஞ்சின் காற்றை மட்டுமே அழுத்திப் பிறகே எண்ணெயைத் தெளிப்பதால் அதற்கு இவ்வகைத் தொல்லை இல்லை. டர்போசார்ஜர் கப்பலிலும் லாரியிலும் முந்திக்கொண்டு, பெட்ரோல் காருக்குப் பிந்தி வந்ததற்கு இது முக்கியமான காரணம்.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியிருக்கின்றன. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ‘ஜெட்ஃபயர்’ என்ற டர்போ காரை வெளியிட்டது. நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவம் ஒரு தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குச் சென்றது. வாங்கியவர்களில் பலர் அந்தத் தொட்டியை நிரப்பவே மறந்தனர். 1963-க்குப் பின் அந்தக் கார் நிறுத்தப்பட்டது. ஆகவே வீட்டில் செய்பவர் மிகக் குறைந்த அழுத்தத்தோடு தொடங்குவதும், பொறி விழும் நேரத்தைச் சற்றே தாமதப்படுத்துவதும், உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலை உபயோகிப்பதும் அவசியம். குறித்த அழுத்தம் வந்ததும் மிகுதிப் புகையைச் சக்கரத்துக்குப் போகாமல் வேறு வழியே விடும் கதவு ஒன்று உண்டு. அதனை ‘வேஸ்ட்கேட்’ என்பர். அது துருப்பிடித்து இறுகியிருந்தால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். பழைய இரும்புக் கடைச் சரக்கில் முதலில் சோதிக்கவேண்டியது இந்தக் கதவைத்தான்.

ஐந்தாவது, எண்ணெய். லட்சம் சுற்றுச் சுழலும் அச்சு உலோகத்தின்மீது உராய்ந்து ஓடுவதில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தே ஓடுகிறது. எஞ்சினிலிருந்து சுத்தமான எண்ணெய் அழுத்தத்தோடு வரவேண்டும். வேலை முடிந்த எண்ணெய், அகலமான குழாய் வழியே, மேடுபள்ளமின்றிக் கீழ்நோக்கி எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்பவேண்டும். திரும்பும் குழாய் குறுகலானால் எண்ணெய் தேங்கி, சக்கரங்களின் பக்கம் கசிந்து, வெண்ணீலப் புகையாக வெளிவரும். கொதிக்கும் புகைக்குழாயின்மேல் எண்ணெய்க் குழாய் உரசி வெடித்தால் கார் தீப்பற்றும். நெடுந்தூரம் வேகமாக ஓட்டி வந்தவர் வண்டியை நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பிவிடாமல், ஒரு நிமிஷமாவது எஞ்சினை மெதுவாக ஓடவிட வேண்டும். இல்லாவிடில் சூடான அச்சில் நின்றுபோன எண்ணெய் கரியாக உறைந்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் கண்டபடி உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. மாற்றப்பட்ட வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் தொகை பெறுவதும் கடினமாகலாம். வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த குடும்பத்துக்கு அந்தச் சுமை சிறிதன்று. அந்த வண்டியே சோறு போடுவதாக இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

அப்படியானால் இளைஞரின் ஆசையை அணைத்துவிடுவதா? வேண்டாம். சாலையில் ஓடும் காரை விட்டுவிட்டு, கழித்துப்போட்ட பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி, திறந்த வெளியில் உறுதியான இரும்புச் சட்டத்தில் நிறுத்தி அதில் செய்து பார்க்கலாம். அருகில் தீயணைப்பான் இருக்கட்டும். சுழலும் சக்கரத்துக்கு நேரே எவரும் நிற்கவேண்டாம். எண்ணெயின் அழுத்தம், காற்றின் அழுத்தம், புகையின் உஷ்ணம் ஆகிய மூன்றையும் காட்டும் மானிகளை முதலில் பொருத்தி, ஒவ்வொரு நாளும் கண்டதை ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். பொறியியல் மாணவர்களுக்கோ இன்னொரு வழியும் உண்டு. தாமே கட்டிய சிறிய பந்தய வண்டிகளை ‘ஃபார்முலா பாரத்’ போட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே அந்தப் போட்டி நடந்த களம். அங்கே டர்போசார்ஜருக்கு அனுமதி உண்டு. ஆனால் எஞ்சினுக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துவாரம் ஒன்றின் வழியாகவே செல்லவேண்டும் என்பது விதி. கட்டுப்பாட்டுக்குள் நின்று திறமையைக் காட்டுவதே அங்கு போட்டி.

கோவை ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டியே யந்திர வித்தையைக் கற்றார் என்பதை நாம் அறிவோம். கழற்றவும் பூட்டவும் கற்றபின்பே அவர் புதியன படைத்தார். போபோடியின் இளைஞரும் அந்த வரிசையில் செல்லட்டும். இரும்புக் கடையில் வாங்கிய டர்போசார்ஜரை இந்த ஞாயிற்றுக்கிழமை காரில் பூட்டாமல், மேஜைமேல் வைத்துக் கழற்றிப் பார்க்கட்டும். அச்சை விரலால் சுழற்றி, ஆட்டம் எவ்வளவு என்று பார்க்கட்டும். எண்ணெய் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று தேடட்டும். பூக்கி 20 ஆண்டுகள் காத்திருந்து கற்ற பாடத்தைக் கற்க அவர் சில மாதங்கள் செலவிட்டால், அது நல்ல லாபமே.