மிதி, பிடி, விடு

பழைய அம்பாசிடரிலோ பத்மினியிலோ பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால் பட்டறையில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "லைன்ல ஏர் புடிச்சிருக்கு சார்." பல நேரம் ஏரும் இருக்காது, ஒன்றும் இருக்காது. ஷூ தேய்ந்து டிரம்முக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டையும் பிரித்தறியக் கருவி வேண்டாம், கால் போதும். ஒருமுறை மிதித்து, விட்டு, உடனே மறுபடி மிதியுங்கள். இரண்டாம் மிதியில் பெடல் உயரத்திலேயே கட்டையாக நின்றால், ஷூவை அட்ஜஸ்ட் செய்தால் சரியாகிவிடும். உயர்ந்த பிறகும் பஞ்சு மூட்டையை அழுத்துவதுபோல் மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. அழுத்திப் பிடிக்கப் பிடிக்க மெல்லக் கீழே நழுவினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போய்விட்டது.

துளிக் காற்று இத்தனை பாடு படுத்துமா? ஒரு கணக்கு. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 22 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். லைனில் 1 மி.லி. காற்று இருக்கிறது. அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 10 மடங்கு ஆவதற்குள் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 40 மடங்கில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். பிரேக் ஆயிலோ அந்த அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூடச் சுருங்காது. ஆக, அந்த 1 மி.லி. இடத்தை நிரப்பவே பிஸ்டன் சுமார் 2.6 மி.மீ. நகர வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் ஐந்து என்றால், காலுக்கு 13 மி.மீ. வீண்.

காற்று எப்படிப் புகுகிறது? பைப்பைக் கழற்றினால் புகும், அது தெரிந்ததே. டிரம் பிரேக்கில் இன்னொரு வழியும் உண்டு. காலை எடுத்ததும் ஸ்பிரிங் ஷூவை இழுக்கிறது, அழுத்தம் விழுகிறது. வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தளர்ந்து ஓரத்தில் காற்றை உறிஞ்சப் பார்க்கும். இதைத் தடுக்கவே பல வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சிறு வால்வு, லைனில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கிறது. அது பழுதானால், ஏர் எடுக்க எடுக்கத் திரும்ப வரும்.

ஏர் எடுக்கும் முன் ஷூக்களை டிரம்மோடு ஒட்ட அட்ஜஸ்ட் செய்துவிடுவது நல்லது. வீல் சிலிண்டர் பிஸ்டன்கள் உள்ளடங்கி, காற்று பதுங்க இடம் குறையும். வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தொலைவில் உள்ள வீலில் ஆரம்பிப்பார்கள். வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் அது பெரும்பாலும் பின் இடது. நிப்பிளில் மாட்டிய ஒளிபுகும் டியூபின் மறுமுனை, ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும்.

"மிதிடா... புடிச்சுக்கோ."

"புடிச்சிட்டேன்ணே."

நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்ததும் டியூபில் குமிழிகள் ஓடும். அதை மூடிய பிறகுதான் "விடு". முந்திக் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும். பையன்கள் படபடவென்று மிதிப்பது தப்பு. பெரிய குமிழி நுரையாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும். தரைவரை மிதிப்பதும் ஆபத்து. பழைய மாஸ்டர் சிலிண்டரில், பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதி துருப்பிடித்திருக்கும். வாஷர் அங்கே போய் உரசினால் கிழியும். பெடலுக்கு அடியில் மரக்கட்டை வைப்பது அதற்காகத்தான்.

வெளியேறிய ஆயிலைத் திரும்ப ஊற்றிச் சிக்கனம் பிடிப்பவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கிளைக்கால் வகை ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி; சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த வரம்பே 140தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பிரேக்கிலேயே இறங்கினால், டிரம்மின் சூடு வீல் சிலிண்டருக்குப் பரவி, பழைய ஆயில் ஆவியாகலாம். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். பெடல் தரையில் போய் உட்காரும். அடிவாரத்தில் ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகி, பெடல் பழையபடி நிற்கும். பட்டறையில் காட்டினால் குறை ஒன்றும் தெரியாது. நான்கு வீலுக்கும் ஒரே லைன் உள்ள பழைய வண்டியில், அந்த நேரம் மிச்சமிருப்பவை கீழ் கியரும் கேபிளில் இயங்கும் ஹேண்ட் பிரேக்கும் மட்டுமே.