வடக்கே ஒரு சாலை – 4: கிளம்பும் முன் ஓர் ஒத்திகை

சென்ற வாரம் லடாக் பயணத்துக்கு எந்த பைக் என்று முடிவு செய்தோம். வண்டி முடிவானதும் புதிதாகக் கிளம்புகிறவர்கள் நேரே கடைக்குப் போகிறார்கள். ஜாக்கெட், கையுறை, பூட்ஸ், சேடில் பேக், கூடுதல் விளக்கு என்று வீடு நிறைந்துவிடுகிறது. இவற்றில் பலவும் தேவைதான். ஆனாலும் லடாக் சாலையில் நம்மைக் காப்பாற்றுவது, கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் கைக்கும் கண்ணுக்கும் உடம்புக்கும் நாம் பழக்கியது எதுவோ, அதுதான். அந்தப் பழக்கத்தின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே பெற்றுவிடலாம்.

முதல் ஒத்திகை, சுமையோடு ஓட்டுவது. தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் அதே வண்டிதான். பின்னால் இருபது கிலோ ஏறியதும் வேறு வண்டியாகிவிடும். முன்சக்கரம் லேசாகும். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். மெதுவாகத் திரும்பும்போது வால் பக்கம் இழுக்கும். இதையெல்லாம் முதன்முறையாக இமயமலையின் ஒரு வளைவில், பக்கத்தில் பாதாளம் இருக்கும்போது தெரிந்துகொள்ளக் கூடாது.

கொல்லிமலைக்குப் போங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். லடாக்குக்கு எதையெல்லாம் கட்டப்போகிறீர்களோ, அதையெல்லாம் கட்டிக்கொண்டு ஏறுங்கள். டூல் கிட், உதிரி பாகங்கள் போன்ற கனமானவை பையின் அடியில், முடிந்தவரை உங்கள் முதுகுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். துணிமணி மேலே. இரண்டு பக்கப் பைகளும் ஒரே எடையில் இருக்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து கியரை இறக்கிவிட்டு, பார்வையை வளைவு முடியும் இடத்துக்கு அனுப்புங்கள். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி அங்கேயேதான் போகும். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்கினால் பாதி வேலையை இன்ஜின் பார்த்துக்கொள்ளும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் பைகள் நகர்ந்திருக்கின்றனவா, கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் தரையில் கொட்டி, தொடாத பொருள்களைத் தனியே எடுத்து வையுங்கள். மருந்து, மழைக்கோட்டு, பஞ்சர் சாமான் தவிர, தொடாதவற்றில் பெரும்பாலானவை லடாக்குக்கும் வேண்டாம்.

இரண்டாவது ஒத்திகை, தொடர்ந்து இரண்டு நாள் ஓட்டுவது. ஒரு நாள் 300 கி.மீ. யாராலும் ஓட்ட முடியும். மறுநாள் காலை எழுந்து மீண்டும் 300 கி.மீ. ஓட்டும்போதுதான் மணிக்கட்டும் முதுகும் உண்மையைச் சொல்லும். சென்னையில் இருப்பவர்கள் முதல் நாள் திருச்சி, மறுநாள் கன்னியாகுமரி என்று போய்ப் பார்க்கலாம். விடிந்ததும் கிளம்புங்கள்; ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கித் தண்ணீர் குடியுங்கள்; இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடுங்கள். வடக்கே போகும்போதும் இதே ஒழுங்குதான். இரவில் ஓட்டுவதில்லை என்பதை மாற்ற முடியாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை குறைவு என்றால் டெல்லி வரை வண்டியை ரயில் பார்சலில் அனுப்பலாம். ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும். டேங்கில் பெட்ரோல் துளியும் இருக்கக் கூடாது. நாள் கணக்கை நெருக்கி, தூக்கத்தைக் கெடுத்து ஓட்டுவதைவிட அப்படி அனுப்புவது எவ்வளவோ மேல்.

மூன்றாவது ஒத்திகை, மெக்கானிக் கடையில். உங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே உட்காருங்கள். நான் அப்படி உட்கார்ந்தபோது அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “இங்க கூப்பிட்டா நான் வந்துருவேன் தம்பி. அந்த மலையில யாரு வருவா?” “அதுக்குத்தாண்ணே வந்திருக்கேன், சொல்லிக்கொடுங்க” என்றேன். முதலில் கிளட்ச் கேபிளைக் கையில் கொடுத்தார். புதிய கேபிளைப் பைக்குள் போடாமல், வண்டியில் இருக்கும் கேபிளை ஒட்டியே ஹேண்டில்பாரிலிருந்து இன்ஜின் வரை கொண்டுபோய் ஆங்காங்கே டேப் சுற்றச் சொன்னார். இரண்டு முனைகளிலும் தூசி போகாமல் பிளாஸ்டிக் உறை. வழியில் கேபிள் அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டாம். இரண்டு முனைகளை மாட்டினால் போதும். சில நிமிடங்களில் வண்டி கிளம்பிவிடும்.

அடுத்தது பஞ்சர். மலைச் சாலைக்கு விரும்பி வாங்கப்படும் பல வண்டிகளில் ஸ்போக் வீல், உள்ளே டியூப். டியூப்லெஸ் டயரைப் போல வெளியிலிருந்து குச்சி செருகி அடைக்க முடியாது. சக்கரத்தைக் கழற்றி, காற்றை முழுதாக இறக்கி, ரிம்மில் ஒட்டியிருக்கும் டயர் விளிம்பை மிதித்து விடுவித்து, டயர் லிவர் போட்டுத் தூக்கி, டியூபை வெளியே எடுக்க வேண்டும். புதியவர்கள் தவறுவது திரும்ப மாட்டும்போது. லிவரின் நுனி புது டியூபைக் கடித்துவிடும். டியூபில் கொஞ்சம் காற்று அடித்து உருண்டையாக்கிக்கொண்டு உள்ளே வைத்தால் அது நடக்காது. முள் இருந்ததா என்று டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கவும் மறக்காதீர்கள். இதைக் கடையில் இரண்டு முறை சொந்தக் கையால் செய்துவிட்டால் போதும். செயினை இறுக்குவது, பிரேக் பேடின் தேய்மானம் பார்ப்பது, பிளக்கும் ஃபியூஸும் மாற்றுவது ஆகியவற்றையும் அதே நாளில் கற்றுவிடலாம்.

தமிழ்நாட்டில் ஒத்திகை பார்க்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்: உயரம். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். லடாக்கின் லே நகரில் கடைத்தெருவே ஏறக்குறைய 3,500 மீட்டரில் இருக்கிறது. லே–மணாலி சாலையின் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. இன்ஜினுக்கும் அதே கதிதான். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியானாலும் இழுவை குறையும். அதை வண்டியின் கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

உயரத்துக்குப் பயிற்சி இல்லை, திட்டம்தான் உண்டு. அதனால் புதியவர்களுக்கு என் பரிந்துரை, ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குவது. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் சுமார் 2,700 மீட்டர், பிறகு லே. வழியில் சோஜி லா, ஃபோட்டு லா என்று உயரமான கணவாய்கள் இருந்தாலும் இரவில் தூங்கும் இடங்கள் படிப்படியாக ஏறுகின்றன. மணாலியிலிருந்து ஏறுகிறவர்கள் பலர், சுமார் 2,000 மீட்டரில் புறப்பட்டு அன்றிரவே 4,200 மீட்டருக்கு மேலுள்ள சர்ச்சுவில் கூடாரத்தில் தூங்குகிறார்கள். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. கார்கிலிலிருந்து லே அந்த அளவைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஆகவே லே சேர்ந்ததும் இரண்டு நாள் கணவாய் எதிலும் ஏறாமல் ஓய்வெடுங்கள். அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் இறங்குங்கள்.

இனி வழிக்குத் தேவையான சில. லேயிலிருந்து மணாலி நோக்கி இறங்கும்போது காரு என்ற ஊரில் டேங்கை நிரப்புங்கள். எதிர்த்திசையில் தண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பெட்ரோல் 365 கி.மீ. தள்ளி என்று எழுதிய பலகையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஏற்றத்திலும் மண்சாலையிலும் மைலேஜ் குறையும் என்பதால் கூடுதலாக 5 லிட்டர், அதற்கென்றே உள்ள கேனில் இருக்கட்டும். பனி உருகி ஓடும் நீரோடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். இறங்குவதற்கு முன் வண்டியை நிறுத்தி, முன்னால் போகிற வண்டி எந்தத் தடத்தில் போகிறது என்று பாருங்கள். பிறகு முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்து, நடுவில் நிற்காமல் கடக்க வேண்டும். தமிழ்நாட்டு ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு ஏற்ற காலம் செப்டம்பர் முதல் பாதி. ஜூலை, ஆகஸ்ட் மழையில் இமாச்சலத்தில் மண்சரிவு அதிகம். 2023 ஜூலையில் குலு–மணாலி சாலையையே பியாஸ் ஆறு பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது.

இந்த மூன்று ஒத்திகைகளும் முடியும் வரை கிளம்பும் தேதியைக் குறிக்காதீர்கள். யாரிடமும் அறிவிக்கவும் செய்யாதீர்கள். தேதியை முதலில் குறித்துவிட்டால் ஒத்திகைதான் சுருங்கும். கொல்லிமலையில் கை நடுங்கினால் மீண்டும் ஒருமுறை ஏறுங்கள். இரண்டாம் நாள் முதுகு ஒத்துழைக்கவில்லை என்றால் ஒரு மாதம் உடற்பயிற்சி செய்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். இந்த ஆண்டு முடியாவிட்டால் அடுத்த செப்டம்பரில் போகலாம். தயாராகாமல் மட்டும் போகாதீர்கள்.

(தொடரும்)