பறக்கும் மாடல் விமானம்: குறைந்த செலவில் மோட்டார் தேர்ந்தெடுக்க...

கம்ப்யூட்டரின் பின்புறம் சுழலும் சிறு விசிறியைக் கவனித்திருப்பீர்கள். அதில் இருப்பது பிரஷ் இல்லாத மோட்டார். சி.டி. டிரைவிலும் இவ்வகை மோட்டார்தான் உண்டு. 2000ங்களின் தொடக்கத்தில் ரிமோட் விமானப் பிரியர்கள் பலர் பழைய சி.டி. டிரைவ்களிலிருந்து மோட்டாரைக் கழற்றி, புதிதாகக் கம்பி சுற்றி, சிறிய மாடல் விமானங்களைப் பறக்க விட்டனர். இன்று அந்தச் சிரமம் தேவையில்லை. பிரஷ்லெஸ் மோட்டார்கள் கடைகளிலேயே மலிவாகக் கிடைக்கின்றன.

பெட்ரோலா, பேட்டரியா?

மாடல் விமான இன்ஜின் என்றதும் பலர் பெட்ரோல் இன்ஜினை நினைப்பார்கள். பயிற்சி விமானங்களில் பல ஆண்டுகள் இருந்தவை 6.5 அல்லது 7.5 சி.சி. க்ளோ இன்ஜின்கள். இவற்றின் எரிபொருள் பெட்ரோல் அல்ல. மெத்தனால், ஆயில், நைட்ரோமீத்தேன் கலவை. மெத்தனால் நஞ்சு, நம் நாட்டில் அதை வாங்கி வைத்திருக்கவும் கட்டுப்பாடுகள் உண்டு. எனவே முதல் விமானத்திற்கு மின்சார மோட்டாரே நல்லது.

எடையில் தொடங்குங்கள்

புராசசரை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, போதிய திறன் இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டினால் என்ன ஆகும்? இங்கும் அதே கதைதான். மோட்டாரின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. பேட்டரி, ஸ்பீட் கண்ட்ரோலர், புரொப்பல்லர், சார்ஜர் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

முதலில் பேட்டரியோடு விமானத்தின் எடை என்ன என்று பாருங்கள். பயிற்சி விமானத்திற்கு ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 வாட்ஸ் போதும். எடை 800 கிராம் என்றால் அதிகபட்சம் 160 வாட்ஸ். இதனை 3 செல் லிப்போ பேட்டரியின் 11.1 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 14.5 ஆம்பியர் வரும். ஸ்ப்ரெட்ஷீட் ஒன்றில் எடையை ஒரு செல்லிலும், இந்த இரு கணக்குகளை ஃபார்முலாவாக அடுத்த செல்களிலும் அமைத்துவிட்டால், எடையை மாற்றியவுடன் விடை தானாக மாறும்.

இனி வாங்கலாம்

மோட்டார்: 2212 அளவு, 1000 கேவி. காந்தங்களுக்கு நடுவே உள்ள கம்பி சுற்றிய பகுதியின் குறுக்களவு 22 மி.மீ., உயரம் 12 மி.மீ. என்பதையே 2212 குறிக்கும். கேவி என்பது, சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது. கேவி அதிகமானால் சக்தி அதிகம் என்று எண்ண வேண்டாம். அது வேகத்தின் அளவு மட்டுமே. கேவி கூடினால் புரொப்பல்லர் சிறிதாக இருக்க வேண்டும்.

ஸ்பீட் கண்ட்ரோலர்: 14.5 ஆம்பியருக்கு 20 போதும். 30 என்றால் கவலையில்லை.

புரொப்பல்லர்: மோட்டார் தயாரித்தவர் கூறும் அளவையே பொருத்துங்கள். பெரியதை மாட்டினால் மோட்டார் சூடாகிக் கருகிவிடும்.

சார்ஜர்: இங்கு மட்டும் சிக்கனம் வேண்டாம். லிப்போ பேட்டரிக்கு, செல்களைச் சமன் செய்யும் பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. சார்ஜ் ஆகும்போது விட்டுவிட்டு வெளியே செல்லாதீர்கள். உப்பிய பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள்.

இணைத்த பின்

மோட்டார் எதிர்த் திசையில் சுழன்றால், அதன் மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றி இணையுங்கள். வீட்டில் சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள், விரல் தப்பும்.

முதல் முறை பறக்க விடுபவர்கள் பெரும்பாலும் விமானத்தைத் தரையில் மோதிவிடுவார்கள். அந்த மோதல்கள் மானிட்டரிலேயே நடக்கட்டும். பிக்காசிம் போன்ற இலவச சிமுலேட்டரை இன்ஸ்டால் செய்து, ஜாய்ஸ்டிக்கை இணைத்துச் சில வாரங்கள் பழகுங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடதும் வலதும் மாறித் தெரியும். அதில் கை பழகிய பின் மோட்டார் வாங்கினால், உங்கள் பணம் வீணாகாது.